மில்லிமீற்றரும் ஒளியாண்டும்
மீரியபெத்த மண்சரிவை முன்வைத்து வேக அளவைகள் பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

அளத்தல் மனித உழைப்போடு உடன்பிறந்த செயலாகும். நிலத்தை உழுதவன் அதன் பரப்பை அளந்தான். நெல்லைக் குவித்தவன் அதன் கொள்ளளவை அளந்தான். அந்நெல்லில் தனக்குரிய பங்கைக் கேட்டவனும் அளந்தான். அளவுகோல்கள் முதலில் உடலிலிருந்தே பிறந்தன. சாண், முழம், அடி, காதம் என்பன உடலின் உறுப்பையோ உடலின் நடையையோ அடிப்படையாகக் கொண்டவை. எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைந்நொடிக்கும் பொழுதாலும் தொல்காப்பியம் வரையறை செய்தமை தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே.

அக்கண்ணிமைப் பொழுதையே இக்கட்டுரைக்குத் தொடக்கமாகக் கொள்வோம். அதனை ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கென வைத்துக்கொண்டால், அப்பொழுதில் ஒளி வெற்றிடத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கிலோமீற்றர் செல்லும்; அதாவது பூமியை இரண்டரை முறை சுற்றிவரும் தூரத்தைக் கடந்துவிடும். ஆண்டுக்குப் பதினாறு மில்லிமீற்றர் நகரும் மலைச்சரிவு ஒன்றின் மண், அதே கண்ணிமைப் பொழுதில், ஏறத்தாழ ஓர் அணுவின் குறுக்களவே நகர்ந்திருக்கும். முன்னதைக் கண் பற்றிக்கொள்ள இயலாது. பின்னதையும் கண் பற்றிக்கொள்ள இயலாது. ஒன்று மித மிஞ்சிய விரைவினாலும் மற்றது மித மிஞ்சிய மெதுமையினாலும் நம் புலன்களுக்குத் தப்பிவிடுகின்றன. எனினும் இரண்டையும் ஒரே அலகில் எழுதி ஒன்றோடொன்று ஒப்பிடலாம். அவ்வாறு ஒப்பிடும் முறையை விளக்குவதும், அவ்வொப்பீடு நம் மலையக வாழ்வின் ஒரு துயர நிகழ்வைப் பற்றி எதனை உணர்த்துகிறது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

அந்நிகழ்வு 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை ஏழரை மணியளவில் நிகழ்ந்தது. ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், ஹல்துமுல்லைப் பிரதேசத்தைச் சேர்ந்த கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்து, அதன் கீழிருந்த லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாகின. அவர்களுட் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. கொஸ்லந்தை மத்திய மலைநாட்டின் தென்விளிம்பில், உயர்நிலம் செங்குத்தாகத் தாழ்நிலத்தை நோக்கி இறங்கும் இடத்தில் அமைந்துள்ளது. தியலும நீர்வீழ்ச்சி அவ்விறக்கத்தில்தான் விழுகிறது.

2. அலகு மாற்றம்

வேகம் என்பது தூரத்தைக் காலத்தால் வகுத்துப் பெறும் ஈவு. (பௌதிகவியலார் திசையை நோக்காதவிடத்துக் கதி என்றும், திசையை நோக்கியவிடத்து வேகம் என்றும் வேறுபடுத்துவர். இங்கு அவ்வேறுபாடு வேண்டப்படாமையின் வழக்கிலுள்ள வேகம் என்ற சொல்லே ஆளப்படுகிறது.) எனவே ஒரு வேக அலகை இன்னொன்றாக மாற்றுவதற்கு இரண்டு மாற்றங்களே வேண்டும்: தூர அலகை மாற்ற வேண்டும், கால அலகை மாற்ற வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் என்ற வேகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றர் 0.001 மீற்றர். 365.25 நாள் கொண்ட ஓர் ஆண்டில் 3,15,57,600 செக்கன்கள் உள. முன்னதைப் பின்னதால் வகுத்தால் செக்கனுக்கு 3.17 × 10⁻¹¹ மீற்றர் என்பது விடையாகும். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் செக்கனுக்கு 29,97,92,458 மீற்றர். இதனை முன்னைய விடையால் வகுக்க, 9.46 × 10¹⁸ என்ற எண் கிடைக்கிறது. இது அலகற்ற வெறும் எண். ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் நகரும் பொருளைப் போல ஒளி எத்தனை மடங்கு விரைவானது என்பதையே அது சொல்கிறது. நம் எண்வழக்கில் அது ஏறத்தாழ 94,600 கோடி கோடி மடங்கு ஆகும்.

வானியல் பயின்றோருக்கு இவ்வெண் புதியதன்று. ஓர் ஒளியாண்டின் நீளம் 9.46 × 10¹⁵ மீற்றர்; அதையே மில்லிமீற்றரில் எழுதினால் 9.46 × 10¹⁸ ஆகும். இது தற்செயலன்று. ஒளி ஓர் ஆண்டிற் செல்லும் தூரமே ஒளியாண்டு. எனவே ஒளியின் வேகம் ஆண்டுக்கு ஓர் ஒளியாண்டு. மண்ணின் வேகமோ ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர். காலம் இரண்டிலும் ஒன்றாதலால் அது நீங்க, எஞ்சுவது ஒளியாண்டுக்கும் மில்லிமீற்றருக்கும் உள்ள விகிதமே. மெதுவான வேகங்களை ஒளியோடு ஒப்பிட விரும்புவோர் இவ்வொரு குறிப்பை நினைவிற் கொண்டால் நீண்ட கணிப்புத் தேவையில்லை.

பழைய அலகுகளுக்கும் முறை ஒன்றே. தேயிலைத் தோட்டங்களை அமைத்த ஆங்கிலேயர் சங்கிலி, பர்லாங், மைல் என்பவற்றால் நிலத்தை அளந்தனர். ஒரு பர்லாங் 201.168 மீற்றர். பதினான்கு நாளில் ஒரு பர்லாங் என்ற வேகத்தை ஆங்கில மாணவர்கள் வேடிக்கைக்காகக் கையாள்வதுண்டு. அது செக்கனுக்கு 0.166 மில்லிமீற்றர். அவ்வலகில் ஒளியின் வேகம் 1.8 × 10¹². அதாவது பதினான்கு நாளில் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கோடி பர்லாங்குகள்.

இங்குக் கருதத்தக்க வரலாற்றுண்மை ஒன்றுண்டு. 1983ஆம் ஆண்டில் நிறைகள், அளவைகள் பற்றிய சர்வதேச மாநாடு மீற்றருக்குப் புதிய வரைவிலக்கணம் தந்தது. அதன்படி, ஒளி வெற்றிடத்தில் ஒரு செக்கனின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்திற் செல்லும் தூரமே ஒரு மீற்றர். அதுமுதல் ஒளியின் வேகம் அளந்து அறியப்படும் ஒன்றாக இல்லாது, பிற அளவுகள் யாவும் நின்று அளக்கும் நிலையான தளமாயிற்று. லயத்தின் சுவரில் விழுந்த வெடிப்பை அளக்கும் நாடாவிலுள்ள மில்லிமீற்றரும் இறுதியில் ஒளியாலேயே வரையறுக்கப்பட்டதாகும்.

இது ஏட்டளவிலான உண்மை மட்டுமன்று. இன்று நிலத்தின் மெதுவான நகர்வை அளக்கும் கருவிகள் பல ஒளியின் வேகத்தைக் கொண்டே இயங்குகின்றன. மின்காந்த அலை ஒன்றை எதிரேயுள்ள சரிவுக்கு அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளந்தால் தூரம் தெரியும். சரிவு ஒரு மில்லிமீற்றர் முன்னகர்ந்தால் அலை சென்று மீளும் பாதை இரண்டு மில்லிமீற்றர் குறையும். நேரம் ஒரு செக்கனின் ஒரு இலட்சம் கோடியில் ஏழு பங்கு அளவுக்குக் குறையும். 2014 ஏப்ரலில் ஐரோப்பிய நாடுகள் ஏவிய சென்ரினல்-1 செய்மதியின் றேடார் அலை 5.6 சென்ரிமீற்றர் நீளமுடையது. இரு வேறு நாட்களில் திரும்பிவந்த அலைகளின் கட்டங்களை ஒப்பிட்டு, நிலம் சில மில்லிமீற்றர் அசைந்ததையும் அது கொண்டு கணிக்கலாம். அடர்ந்த தாவரங்கள் மூடிய சரிவுகளில் இம்முறை தடுமாறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரபஞ்சத்தின் மிக விரைவான இயக்கமே அதன் மிக மெதுவான இயக்கங்களை அளக்கும் கோலாக அமைந்துள்ளமை இயற்கையின் இயங்கியலுக்குத் தக்க சான்று எனலாம்.

3. மண்ணின் ஏழு படிகள்

மண்சரிவுகளை அவற்றின் வேகங்கொண்டு வகைப்படுத்தும் முறையை அமெரிக்கப் புவியியலாளர் வாணெஸ் 1978இல் வெளியிட்டார். பின்னர் 1996இல் குறூடனும் வாணெசும் அதனைத் திருத்தியமைத்தனர். அவ்வகைப்பாடு ஏழு படிகளைக் கொண்டது. இரு படிகளுக்கிடையிலுள்ள எல்லைகள் வருமாறு; ஒவ்வோர் எல்லையும் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பதும் உடன் தரப்படுகிறது.

மிக மிக மெதுவானதற்கும் மிக மெதுவானதற்கும் இடையில்: ஆண்டுக்கு 16 மில்லிமீற்றர் (1.7 × 10⁻¹⁸)
மிக மெதுவானதற்கும் மெதுவானதற்கும் இடையில்: ஆண்டுக்கு 1.6 மீற்றர் (1.7 × 10⁻¹⁶)
மெதுவானதற்கும் நடுத்தரமானதற்கும் இடையில்: மாதத்துக்கு 13 மீற்றர் (1.7 × 10⁻¹⁴)
நடுத்தரமானதற்கும் விரைவானதற்கும் இடையில்: மணித்தியாலத்துக்கு 1.8 மீற்றர் (1.7 × 10⁻¹²)
விரைவானதற்கும் மிக விரைவானதற்கும் இடையில்: நிமிடத்துக்கு 3 மீற்றர் (1.7 × 10⁻¹⁰)
மிக விரைவானதற்கும் மிக மிக விரைவானதற்கும் இடையில்: செக்கனுக்கு 5 மீற்றர் (1.7 × 10⁻⁸)

ஒவ்வோர் எல்லையும் முன்னையதைப் போல நூறு மடங்கு என்பது வெளிப்படை. ஒரே அலகில் எழுதியபோதுதான் இவ்வொழுங்கு கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டு, மாதம், மணித்தியாலம், நிமிடம், செக்கன் எனப் பல்வேறு அலகுகளில் எழுதியபோது அது மறைந்தே கிடந்தது.

முதற் படியின் மெதுமையை உணர நம் உடலையே ஒப்பாகக் கொள்ளலாம். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர், ஆண்டுக்கு 36 மில்லிமீற்றர் வளர்கிறது. முதற் படியிலுள்ள மலைச்சரிவு நகத்தின் வளர்ச்சியிலும் மெதுவாகவே நகர்கிறது. இறுதிப் படியின் எல்லையோ செக்கனுக்கு ஐந்து மீற்றர். இது ஏறத்தாழ ஓடும் மனிதனின் வேகமாகும். இவ்வெல்லை இயற்கையின் எந்த நியதியாலும் வகுக்கப்பட்டதன்று. அதற்கு அப்பால் மனிதன் ஓடித் தப்ப இயலாது என்பதே அதன் பொருள். சமநிலத்தில் ஓடும் இளைஞனுக்குரிய வேகம் அது; மழையில் நனைந்த படிக்கட்டில் இறங்கும் முதியவளுக்கோ பிள்ளைக் காம்பராவிற் கிடக்கும் குழந்தைக்கோ உரியதன்று. அறிவியலின் அட்டவணையிலும் ஓடும் மனிதனே இறுதி அளவுகோலாக நிற்கிறான் என்பது கவனத்துக்குரியது.

இனி இவ்வெண்களைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். முதல் எல்லைக்கும் இறுதி எல்லைக்கும் இடையிலுள்ள வேறுபாடு 10¹⁰, அதாவது ஆயிரங் கோடி மடங்கு. இறுதி எல்லைக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள வேறுபாடு 6 × 10⁷, அதாவது ஆறு கோடி மடங்கு. ஆகவே ஊரும் மண்ணுக்கும் பாயும் மண்ணுக்கும் இடையிலுள்ள தூரம், பாயும் மண்ணுக்கும் ஒளிக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட நூற்றறுபது மடங்குக்கும் பெரிது! விகிதங்களின் ஏணியில் நின்று பார்த்தால், வீடுகளை நோக்கிப் பாயும் சேறு, தான் நேற்றிருந்த நிலைக்கு அண்மையில் இல்லை. ஒளிக்கே அண்மையில் நிற்கிறது. மெதுவான அலகுகளை ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் கணிப்பிலிருந்து நாம் பெறும் முதன்மையான பாடம் இதுவே.

4. அளவும் பண்பும்

ஒரே மண், ஒரே மலை, ஒரே ஈர்ப்புவிசை. இவ்வாறிருக்கவும் வேகம் எவ்வாறு கோடிக்கணக்கான மடங்கு மாறுகிறது?

சரிவிற் கிடக்கும் மண்ணைக் கீழ்நோக்கி இழுப்பது அதன் நிறை. அதனை நிறுத்திவைப்பது மண்துகள்களிடையேயுள்ள பிணைப்பும் உராய்வும். உராய்வின் அளவு, துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்தி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. மழைநீர் மண்ணுட் புகுந்து துளைகளை நிரப்பும்போது, துளைகளிலுள்ள நீரின் அமுக்கம் மேலுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. துகள்கள் தம்முள் அழுத்தும் விசை குறைகிறது. அதனோடு உராய்வும் குறைகிறது. மண்பொறியியலின் முன்னோடியான கார்ள் ரெர்சாகி சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தெளிவாக்கிய உண்மை இது. ஊவாவின் மலையடிவாரங்களிற் பல, மேலிருந்து பன்னெடுங்காலமாக இறங்கிக் குவிந்த கல்லும் மண்ணும் கலந்த தளர்ந்த படைகளால் ஆனவை. அவற்றின் கீழே இறுகிய பாறை கிடக்கிறது. புகுந்த நீர் பாறைக்குக் கீழே இறங்க வழியின்றி அவ்வெல்லையில் தேங்கும்.

நீரமுக்கம் சிறிது சிறிதாக ஏறுகிறது. மண்ணும் சிறிது சிறிதாக அசைகிறது. நிலத்தில் வெடிப்புத் தோன்றும், கதவுநிலை கோணும், மரம் சாயும், புதிய இடத்தில் ஊற்றுக் கசியும், இருந்த ஊற்று வற்றும் அல்லது கலங்கும். ஒரு கட்டத்தில், தாங்கும் விசையை இழுக்கும் விசை மிஞ்சுகிறது. அதன்பின் மாற்றம் சிறிது சிறிதாக நிகழ்வதில்லை. திண்மமாகக் கிடந்த நிலம் திரவம்போல் ஓடத் தொடங்குகிறது. அளவு மாற்றம் குறித்த எல்லையைக் கடந்ததும் பண்பு மாற்றமாகிறது என்பதற்கு எங்கெல்ஸ் நீர் கொதிப்பதையும் உறைவதையும் எடுத்துக்காட்டினார். மலையகத்தில் வாழ்பவருக்கு அவ்வுண்மையைக் காட்டக் கொதிகலம் வேண்டியதில்லை, மலையே போதும்.

மெதுவாக நகரும் சரிவுகள் யாவும் இவ்வாறு பாய்ந்தே தீரும் என்பதில்லை. பதுளை மாவட்டத்தின் ககாகொல்லையில் நெடுஞ்சாலை நீண்ட காலமாக ஊரும் நிலத்தின்மேற் கிடந்து, மீண்டும் மீண்டும் சிதைந்து செப்பனிடப்பட்டது. மறுபுறம், புலப்படும் முன்னறிகுறி இன்றியே சரிந்த இடங்களும் உள. எனினும் பொது விதி தெளிவானது: மெதுவான கட்டத்தில் மனிதனுக்குக் காலம் உண்டு, விரைவான கட்டத்தில் இல்லை.

இயற்கையின் இச்செயற்பாட்டிற் சமூகத்தின் கை படியாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. ஆழ வேரோடிய மரங்கள் மண்ணைப் பிணைத்திருந்த இடத்தில் ஒருமுகப் பயிர் வந்தது. மழைநீரை வடிக்கக் கான் வெட்டும் வேலை தோட்டத் தொழிலின் இன்றியமையாத பகுதியாக இருந்தது. அது கவனிப்பாரற்றுப்போன இடங்களில் நீர் நிலத்துள் இறங்குகிறது. லயங்களை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவர் அவற்றில் வாழ்ந்தவரல்லர். தேயிலை நன்கு வளரும் நிலம் தேயிலைக்கே ஒதுக்கப்பட்டது. எஞ்சியதில் உழைப்பாளர் குடியமர்த்தப்பட்டனர்.

5. தோட்டத்து அளவைகள்

மலையகத் தொழிலாளர் அலகு மாற்றத்தை அறியாதவரல்லர். அவர்களது நாளாந்த வாழ்வே ஓர் அலகு மாற்றம். கூடையிற் சேர்ந்த கொழுந்து தராசில் கிலோவாகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் எனக் கழிவு போக எஞ்சிய கிலோ, குறித்த அளவை எட்டினால் ‘ஒரு பேர்’ ஆகிறது, எட்டாவிடில் ‘அரைப்பேர்’. செக்ரோலிற் பதியப்பட்ட பேர்கள் மாத முடிவில் ரூபாவாகின்றன. ஒரு நாள் உழைப்பைப் ‘பேர்’ என்றே வழங்கும் இச்சொல்லாட்சி சிந்தனைக்குரியது. உழைக்கும் ஆளின் பெயரே உழைப்பின் அலகாயிற்று. அதனையும் பாதியாக்க முடியும் என்பது அதன் உள்ளுறை.

அளவை என்பது கருவியும் எண்ணும் மட்டுமன்று, ஒரு சமூக உறவுமாகும் என்பதை இத்தராசு காட்டுகிறது. எதனை அளப்பது, எவ்வளவு நுணுக்கமாக அளப்பது, அளந்ததை யார் பதிவது என்பன அதிகாரத்தைச் சார்ந்த கேள்விகள். கொழுந்து கிராமளவில் அளக்கப்பட்ட தோட்டங்களில், மலை மில்லிமீற்றரளவில் அளக்கப்படவில்லை. மண்சரிவு நிகழ்ந்த முதல் நாட்களில் மீரியபெத்தையில் காணாமற் போனோர் தொகை நூற்றுக்கணக்கிற் கூறப்பட்டுப் பின்னர் பெரிதும் குறைக்கப்பட்டது. உயிரோடிருந்தவர் எத்தனைபேர் என்பதே உடனடியாக உறுதிப்படுத்த இயலாத எண்ணாக இருந்தது.

செய்தியின் வேகத்திலும் இவ்வேறுபாடு உண்டு. கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. கொழும்பிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். கண்ணாடி நாரினூடே ஒளி, வெற்றிடத்திற் செல்லும் வேகத்தின் மூன்றில் இரண்டு பங்கு வேகத்திற் செல்கிறது. அந்நேர்த்தூரத்தை அது கடக்க ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கும் வேண்டியதில்லை. மூலதனம் காலத்தைக் கொண்டு இடத்தை ஒழிக்க முயல்கிறது என 1857–58 காலத்துக் குறிப்பேடுகளில் மார்க்ஸ் எழுதியமை இங்கு நினைவுகூரத்தக்கது. தேயிலையின் விலை ஒளியின் வேகத்திற் செல்கிறது. அத்தேயிலையைப் பறித்தவரின் உயிர் பற்றிய எச்சரிக்கை எவ்வேகத்திற் செல்கிறது?

6. எச்சரிக்கையின் வேகம்

கலிலியோ 1638இல் வெளிவந்த நூலில், ஒளியின் வேகத்தை அளக்க ஒரு வழி கூறினார். விளக்கேந்திய இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவர் தம் விளக்கை மூடியிருக்கும் திரையை விலக்குவார். அதனைக் கண்டதும் மற்றவர் தம் திரையை விலக்குவார். இடைப்பட்ட நேரமே ஒளி சென்று மீண்ட நேரம். முறை பிழையன்று, ஆனால் அது பயன்படவில்லை. ஒன்றரைக் கிலோமீற்றர் இடைவெளியை ஒளி சென்று மீள ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கே போதும். கண்டதும் திரையை விலக்க மனிதனுக்கு ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கேனும் வேண்டும். ஆகவே அச்சோதனை அளப்பது ஒளியின் வேகத்தையன்று, கையின் தாமதத்தையே. ஒளியின் வேகம் எல்லையுடையது என்பதை 1676இல் றோமர் வியாழனின் துணைக்கோள் மறைவுகளைக் கொண்டு காட்டினார். நிலத்தில் அதனை அளப்பதற்கு 1849இல் பீசோவின் பற்சக்கரம் வரவேண்டியிருந்தது.

எச்சரிக்கை பற்றிய நம் சிந்தனைக்கும் இக்கதை பொருந்தும். செய்தியை எத்துணை விரைவாக அனுப்பினாலும், பெற்றவர் செயற்பட எடுக்கும் காலமே மொத்தக் காலத்தை நிர்ணயிக்கிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் அமைக்கப்பட்டது. 1986 ஜனவரியில் மலையகத்தில் நேர்ந்த மண்சரிவு அழிவுகளின் பின், 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடமாக்கல் மேற்கொள்ளப்பட்டது. மீரியபெத்த ஆபத்தான இடமென்றும், மக்கள் அங்கிருந்து குடிபெயர வேண்டுமென்றும் 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக 2014இல் அதிகாரிகள் கூறினர். தாம் போவதற்கு வேறு நிலமும் வீடும் தரப்படவில்லை என்று மக்கள் கூறினர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. எச்சரிக்கை இருந்தது, இடம் இருக்கவில்லை. தப்பியவர்கள் இடைத்தங்கல் முகாம்களில் வாழ்ந்தபின், 2016இல் பூணாகலை மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

இதற்கு ஒரு வேகம் கணிக்கலாம். முதல் எச்சரிக்கைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட காலம் பதினோராண்டுகள். பாதுகாப்பான நிலம் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் இருந்ததெனக் கணிப்புக்காகக் கொள்வோம். பத்துக் கிலோமீற்றரைப் பதினோராண்டால் வகுத்தால் நாளொன்றுக்கு இரண்டரை மீற்றர், செக்கனுக்கு 0.03 மில்லிமீற்றர். ஒளியின் வேகத்தில் இது ஏறத்தாழ பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்கு. வாணெசின் அட்டவணையில் இது நடுத்தரப் படியைச் சேரும். அதே பத்துக் கிலோமீற்றரை வானொலி அலை ஒரு செக்கனின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற் கடக்கும். கொழுந்துக் கூடை சுமந்து மலையேறிப் பழகிய ஒருவர் இரண்டரை மணித்தியாலத்தில் நடந்தே கடந்துவிடுவார். பதினோராண்டைத் தின்றது அலையின் வேகமுமன்று, காலின் வேகமுமன்று. நிலத்தின் உரிமை யாரிடம் உள்ளது என்ற கேள்வியே அக்காலத்தைத் தின்றது.

அக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள். 1972இலும் 1975இலும் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கைமாறியது. இம்மாற்றங்கள் எவற்றிலும் லயத்தின் நிலம் லயத்தில் வாழ்பவருக்குச் சொந்தமாகவில்லை. தனக்குரிய நிலமில்லாதவன் ஆபத்தான நிலத்திலிருந்து வெளியேறுவதற்கு எங்கே போவான்? தோட்டத்தை விட்டால் வேலை போகும். வேலை போனால் பேர் போகும்.

எனவே, இன்று நடைமுறையிலுள்ள முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளைக் குறைத்து மதிப்பிடாமலே அவற்றின் எல்லையைச் சுட்டவேண்டும். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரை மீறினால் விழிப்பாயிருத்தல்; 100 மில்லிமீற்றரை மீறினால் வெளியேற ஆயத்தமாதல்; 150 மில்லிமீற்றரையோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரையோ மீறினால் வெளியேறுதல் என்ற ஒழுங்கு பயனுள்ளது. மழைமானியும் ஒலிபெருக்கியும் கைத்தொலைபேசியும் உயிர்களைக் காக்கும். ஆனால் இவை யாவும் பண்பு மாற்றம் நிகழும் தறுவாயில் உதவுவன. ஓர் இரவுக்கு வெளியேறியவர் மறுநாள் அதே லயத்துக்குத் திரும்புவாராயின், எச்சரிக்கை ஒளியின் வேகத்திற் சென்றும் அவரது வாழ்வு அணுவளவும் நகரவில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வேக அலகுகளை மாற்றுவது எளிய வகுத்தலே. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரைப் போல ஒளி 9.46 × 10¹⁸ மடங்கு விரைவானது என்பதைப் பள்ளி மாணவனும் கணித்துவிடலாம். ஆனால் அவ்விரண்டையும் ஒரே ஏணியில் நிறுத்தியபோது, மண் தன் அமைதியிலிருந்து பாய்ச்சலுக்கு மாறும் இடைவெளி பாய்ச்சலுக்கும் ஒளிக்கும் உள்ள இடைவெளியிலும் பெரிது என்பது தெரியவந்தது. பாய்ச்சல் தொடங்கியபின் அனுப்பப்படும் செய்தி ஒளியின் வேகத்திற் சென்றாலும், அதனைக் கேட்டு ஓடும் கால் செக்கனுக்கு ஐந்து மீற்றருக்குமேல் ஓடாது. ஆகவே உயிர்களைக் காக்கும் காலம் மண் மில்லிமீற்றரில் நகரும் காலமே. அது ஆண்டுகளால் அளக்கப்படுவது. அவ்வாண்டுகளில் வேண்டப்படுவது அலைகளின் விரைவன்று. சரிவை அளத்தலும், கான்களைப் பேணுதலும், எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பான நிலத்தில் உறுதியோடு கூடிய வீட்டுரிமையுமாகும்.

இயற்கையை மட்டும் குற்றஞ்சாட்டும் பார்வை, பெருமழையைக் கண்டு பதினோராண்டைக் காணாது விடுகிறது. தொழில்நுட்பத்தை மட்டும் நம்பும் பார்வை, செய்தி சென்ற வேகத்தைக் கண்டு மக்கள் நகர்ந்த வேகத்தைக் காணாது விடுகிறது. மலையகத்தில் லயங்களுக்கு மேலே நின்றுகொண்டிருக்கும் சரிவுகள் பல. அவற்றுட் சில இன்றும் நகத்தின் வளர்ச்சியிலும் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை மில்லிமீற்றரில் அளக்கும் கருவிகள் நம்மிடம் உள. அங்கு வாழ்வோருக்கு நிலம் வழங்கும் முடிவு அம்மில்லிமீற்றர்களை முந்திச் செல்ல வேண்டும். அதற்கு ஒளியின் வேகம் தேவையில்லை. நடக்கும் மனிதனின் வேகமே போதும்.